மோர்னிங்சைட்டில் இரண்டு யோவான்கள்

ரொறொன்ரோவின் மோர்னிங்சைட் பகுதியில் நான் கண்விழித்த முதற்காலையில் வெளியே யாரோ எதையோ சீமெந்தின் மீது இழுத்துக்கொண்டிருந்தார்கள். நீளமாக ஓர் இழுப்பு, சிறிது மௌனம், மெத்தென்று ஏதோ விழும் ஓசை, மறுபடியும் இழுப்பு. தூக்கம் முழுதாகக் கலையாத எனக்கு, பழைய அச்சகத்தில் தாள்கட்டைத் தரையோடு இழுத்துப்போவதுபோலக் கேட்டது. எழுந்து யன்னல் சீலையை விலக்கினேன்.

தெருவைக் காணவில்லை. புல்லும் நடைபாதையும் வாகனங்களும் ஒரே வெள்ளைக்குள் போயிருந்தன. மேலே வானமும் அதே நிறத்தில் இருந்ததால், எதிர்வீட்டுக் கூரைகள் ஒன்றிலும் பொருந்தாமல் மிதந்தன. அந்த வெள்ளைக்குள், காதை மூடும் தொப்பியணிந்த உயரமான கிழவர் ஒருவர், எங்கள் வாசற்படியில் கிடந்த பனியை அகலமான ஷவலால் தள்ளிக்கொண்டிருந்தார். படியை முடித்தார். கார் நிற்கும் பாதையை முடித்தார். பிறகு நான் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். எங்கள் படியிலிருந்து புல்வெளிக்குக் குறுக்காக, பக்கத்து வீட்டுப் படிவரை, ஒரு ஆள் போகக்கூடிய அளவில் ஒடுக்கமாக ஒரு வழி வெட்டினார். வெட்டிய வழியாலேயே நடந்துபோய் அந்த வீட்டுக்குள் மறைந்தார்.

"அது யோவன் அங்கிள்," என்று கோப்பியோடு வந்த மெலனி சொன்னாள். "எவ்ரி ஸ்னோஃபோல், மாமி. நாங்கள் எழும்ப முதல் எல்லாம் டன்."

மெலனி, அருளப்பு அண்ணையின் ஒரே மகள். இங்கே பிறந்தவள். பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்கிறாள். அருளப்பு அண்ணை என் பெரியம்மாவின் மகன். அவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. பகலில் மெலனி வேலைக்குப் போய்விடுவதால் துணைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் கொழும்பில் சும்மா இருந்தவள் நான்தான்.

அண்ணை முன்யன்னலோரம் கதிரையில் இருந்தார். கால் ஒரு முக்காலியின் மேல், பக்கத்தில் பிடித்து நடப்பதற்கான வோக்கர்.

"நல்ல மனுசன்போல," என்றேன்.

"புல்லுக்கு மேல எதுக்கு வழி வெட்டுறான்? அதால ஆர் போறது? விசரன்."

"தாங்க்ஸ் சொன்னீங்களோ?"

"நான் கேட்டனானே அவனை?"

மெலனி அவர் தலைக்கு மேலால் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். மேலே கேட்காதே என்று பொருள்.

பக்கத்து வீட்டின் முன்னால் ஒரு பலகை நின்றது. வீட்டுத் தரகர் ஒருவரின் படம். பனி அவருடைய கழுத்துவரை ஏறியிருந்ததால், யாரோ அவரை நிற்கவைத்துப் புதைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. அப்படியும் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே விற்றாயிற்று என்று ஒரு சிவப்புப் பட்டி. யோவன் மாதக் கடைசியில் கல்கரியில் இருக்கும் மகனிடம் போகிறாராம். அண்ணைக்கு முன்னால் தொலைக்காட்சி நாள் முழுவதும் ஓடியது. அவர் அதைவிட அந்தப் பலகையையே கூடுதலாகப் பார்த்தார் என்பதை நான் மறுநாளே கவனித்துவிட்டேன்.

யோவன் செர்பியாக்காரர். பெயர் ஆங்கிலத்தில் ஜே எழுத்தில் தொடங்குவதால் இந்த ஊரார் அவரை ஜோவன் என்பார்கள். கோப்பிக்கடைப் பிள்ளைகள் ஜோவான் என்று ஒரு பெண்பெயரைக் கோப்பையில் எழுதிக் கொடுத்துவிட்டு, வாங்க வருகிறவரின் மீசையைப் பார்த்துத் திகைப்பார்களாம். வேதாகமத்தில் யோவான் என்று வாசித்துப் பழகிய தமிழ் வாய்க்கு மட்டும் அந்தப் பெயரில் கஷ்டமில்லை. செர்பியாவில் யோவன். பக்கத்தில் குரோவேசியாவில் இவான். போலந்தில் யான். எங்கள் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் அருளப்பு. எல்லாம் ஒருவரே. ஒட்டகமயிர் உடுத்து, வெட்டுக்கிளியும் தேனும் தின்று, யோர்தான் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்.

இதை எனக்குச் சொன்னது அண்ணைதான். பகல் சாப்பாட்டின்போது. தமிழ்க் கடைகள் உள்ள பிளாசாவிலிருந்து மெலனி முதல்நாள் வாங்கிவைத்த இடியப்பம். கொழும்பில் நான் வாங்குவதைவிட மெல்லிசு. வெளியே கைவிரல் விறைக்கும் குளிரில் பச்சைமிளகாய் மிதக்கும் சொதியோடு அதைச் சாப்பிடும்போது, எந்த ஊரில் இருக்கிறேன் என்று ஒரு நொடி தடுமாறியது. நேரமாற்றம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. பகலில் கண் சொருகியது. கேட்டவை எல்லாம் கனவின் ஓரத்திலிருந்து வந்ததுபோலவே ஞாபகத்தில் நிற்கின்றன.

"காருக்கு சீற் செய்யிற பக்டரி. நானும் அவனும் ஒரே லைன். போர்மனுக்கு இரண்டு பேற்ற பேரும் வாயில நுழையாது. அவனை ஜோ எண்டுவான். என்னை ஏ-ஆர். ஒருநாள் லன்ச் ரைம், இவன்ர லொக்கர் திறந்து கிடக்கு. உள்ளுக்க ஒரு சுருவப்படம். கலைஞ்ச தலை, தாடி, முதுகில இரண்டு செட்டை. ஆரடா இது எண்டு கேட்டன். என்ர பேருக்குரிய அர்ச்சிஷ்டவர் எண்டான். கையில சிலுவைத் தடி இருக்கு, மயிர் உடுப்பு இருக்கு. எனக்கு விளங்கிட்டுது. ஐசே, இது என்ர ஆளெல்லோ எண்டன். அவன் நம்பேல்லை."

"பிறகு?"

"எங்கட அருளப்பருக்குச் செட்டை இல்லை எண்டன். உங்கட ஊர் சூட்டுக்கு உதிர்ந்திருக்கும் எண்டான்."

அண்ணை சிரித்தார். வந்ததிலிருந்து நான் கண்ட முதல் சிரிப்பு. அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் 'இமென்யாச்சே' என்று கூப்பிட்டுக்கொண்டார்களாம். செர்பியாக்காரர் தம்முடைய பெயரே உள்ள இன்னொருவரை அப்படித்தான் விளிப்பார்கள். என் பெயர்க்காரா என்று பொருள். போர்மன் அதை ஏதோ கெட்டவார்த்தை என்று நினைத்து ஒருநாள் எச்சரிக்கை கூடக் கொடுத்தாராம். வீடு வாங்கும்போதும் இருவரும் பக்கத்துப் பக்கத்திலேயே வாங்கினார்கள்.

"கடைசியா எப்ப அப்பிடிக் கூப்பிட்டவர்?" என்று கேட்டேன்.

"அந்தச் சொதியை இஞ்சால தள்ளு பிள்ளை," என்றார்.

மிச்சத்தை மெலனி காரில் சொன்னாள். மருந்துக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியெங்கும் தெருவிளக்குகள் பகலிலேயே எரிந்தன. பனித்தூள் விளக்குக்குக் கீழே மட்டும் தெரிந்து மற்ற இடங்களில் தெரியாமல் விழுந்தது.

"மிலேனா அன்ரி செத்தாப் பிறகுதான், மாமி. அவ யோவன் அங்கிளின்ர வைஃப். அதுக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு வேர்ட் கதைக்கிறேல்லை. பட் சம்மரில டாட் தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் பிடுங்கி அவற்ற ஸ்டெப்பில வச்சிட்டு வந்திடுவார். பெல் அடிக்கமாட்டார். விண்டரில அவர் வந்து ஸ்னோ தள்ளுவார். அவரும் பெல் அடிக்கமாட்டார். இற்ஸ் லைக் திருடர் மாதிரி, ஆனா ரிவேர்ஸில."

"ஏன் கோபம்?"

"ஐ டோன்ட் நோ. கேட்டா டாட் ரிவிய லவுட் ஆக்கிவிடுவார்."

இரண்டு நாள் கழித்து, மில்லிக்கனிலிருந்து ஒரு இளம் தமிழ்த் தம்பதி வந்தார்கள். யோவனின் வீட்டை வாங்கியவர்கள் அவர்கள்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சப்பாத்துகளிலிருந்து பனி கரைந்து மிதியடியில் குளமானது. கையில் ஒரு தட்டு. வெற்றிலை, வாழைப்பழம், லட்டு.

"அங்கிள், வாற மாசம் பால் காய்ச்சுறம். நீங்கள் எல்லாரும் கட்டாயம் வரவேணும். போனில சொன்னாக் காணாது, வீட்ட போய்ச் சொல்லுங்கோ எண்டு அம்மா சொன்னவ," என்றாள் அந்தப் பெண்.

அண்ணை தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று விசாரித்தார். ஓம் ஓம், கட்டாயம் வருவோம் என்றார். அவர்கள் போனதும் முகம் மாறிவிட்டது. பலகையைப் பார்த்தபடியே பேசினார்.

"பாத்தியே. முன்பின் தெரியாத பிள்ளையள். வந்து, இருந்து, முகம் பாத்துச் சொல்லிப்போட்டுப் போகுதுகள். அதுதான் முறை. சொல்லாத கொண்டாட்டத்துக்கு எங்கட வீட்டில ஒருத்தரும் போனதில்லை."

"ஆர் அண்ணை சொல்லாமல் விட்டது?"

நான் எதிர்பார்க்கவில்லை, அவர் சொன்னார்.

"ஜனவரி இருபது அவங்களுக்கு அருளப்பர் திருநாள். அவன்ர குடும்பத்துக்குப் பாதுகாவலரும் அவர்தான். வீட்டில பெரிய சாப்பாடு. ஒவ்வொரு வருஷமும் முதல்நாள் மிலேனா பின்னால குசினிக் கதவால வருவா. ஒரு கோப்பையில அவிச்ச கோதுமை கொண்டுவருவா. 'நாளைக்கு வாங்கோ' எண்டுவா. நாங்கள் போவம். அவ செத்து வந்த ஜனவரியில ஒருத்தரும் வரேல்லை. அவவின்ர சவப்பெட்டி தூக்கினவன் நான், பிள்ளை. நான் ஷேர்ட் அயன் பண்ணி மாட்டி வச்சிருந்தன். அடுத்தநாள் இந்த யன்னலுக்குள்ளால பாக்கிறன், கார் காரா வருது. அவன்ர சனம் எல்லாம் போகுது. நான் இதில இருக்கிறன் எண்டு அவனுக்குத் தெரியாதே? அதுக்கு அடுத்த வருஷமும் சொல்லேல்லை. போன வருஷமும் சொல்லேல்லை. இப்ப வீட்டையும் வித்துப்போட்டான், அதையும் பலகையில பாத்துத்தான் அறிஞ்சனான்."

தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

பத்தொன்பதாம் திகதி நான் தனியே ஊர் பார்க்கக் கிளம்பினேன். ஏரியைப் பார்த்தேன். ஏரி என்றால் மறுகரை தெரியும் என்று நினைத்து வளர்ந்தவளுக்கு அது ஏமாற்றம். கடல்போலக் கிடந்தது, உப்புவாடை மட்டும் இல்லை. கரையோரம் அலை எழும்பிய நிலையிலேயே உறைந்திருந்தது. ஒரு மட்டன் ரோல்ஸ் வாங்கிக் கையுறையோடு பிடித்துச் சாப்பிட்டேன். நடந்துபோன ஒரு வெள்ளைக்காரர் அதன் மணத்துக்குத் திரும்பிப் பார்த்து, "எங்கே வாங்கினீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நல்ல கேள்வி.

திரும்பும் வழியில் பனி கனத்தது. பஸ் ஓர் ஏற்றத்தில் பாதிவரை ஏறி, யோசித்து, மெதுவாகப் பக்கவாட்டில் சறுக்கி நின்றுவிட்டது. யாரும் கூச்சல் போடவில்லை. சாரதி ஒலிவாங்கியில், கொஞ்ச நேரம் இப்படியே இருப்போம் என்றார். எங்களூரில் இதற்குள் நான்குபேர் இறங்கி ஆலோசனை சொல்லத் தொடங்கியிருப்பார்கள், இன்னும் இரண்டுபேர் தள்ளத் தொடங்கியிருப்பார்கள். இங்கே எல்லாரும் கைபேசிக்குள் குனிந்தார்கள். கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. எந்தப் பக்கம் தெரு என்று தெரியாமல், எல்லாரும் ஒரு பஞ்சுப்பொதிக்குள் வைத்து அடைக்கப்பட்டதுபோல இருந்தோம்.

எனக்குப் பக்கத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண் இருந்தாள். மடியில் அட்டைப்பெட்டி. பஸ் சறுக்கியபோது அதைத்தான் முதலில் கட்டிப்பிடித்தாள். திறந்து பார்த்துச் சரிபார்த்தாள். உள்ளே வட்டமான பெரிய பாண், மேலே மாவினாலேயே செய்த சிலுவையும் பூக்களும்.

"கல்யாணமா?" என்று கேட்டேன்.

"இல்லை. நாளைக்கு யோவான் நாள்."

அவள் ஆங்கிலம் கடினமான ஓசைகளோடு வந்தது. அதைத் தமிழில் தருகிறேன்.

"என் கணவர் பெயர் யோவன். அப்பா பெயர் யோவன். மைத்துனன் பெயரும் யோவன். வீட்டில் யோவன் என்று கூப்பிட்டால் மூன்று தலைகள் திரும்பும், ஒரு வேலையும் நடக்காது. மகனுக்கு லூக்கா என்று வைத்தேன். போதும்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். எத்தனை பேரை அழைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவள் நான் ஏதோ குழந்தைத்தனமாகக் கேட்டதுபோலப் பார்த்தாள். "யாரையும் இல்லை. அதற்கு அழைப்பதில்லை."

"அழைக்காமல் எப்படி வருவார்கள்?"

"நாள் தெரியும். வீடு தெரியும். அது புனிதருடைய விருந்து, என்னுடையது இல்லை. அவருடைய விருந்துக்கு நான் யார் ஆள் கூப்பிட? ஒருமுறை வந்தவர் ஒவ்வொரு வருஷமும் வருவார். கதவு திறந்திருக்கும். வீட்டுக்காரர் நின்றுகொண்டே இருப்பார். என் கணவருக்கு இடுப்புவலி, ஆனாலும் நிற்பார். வரவேண்டிய கடைசி ஆள் வரும்வரை கதிரையில் இருக்கமாட்டார்."

"வரவேண்டியவர் வராவிட்டால்?"

"படுக்கையில் இருக்கிறார் என்று அர்த்தம். இல்லாவிட்டால் உறவு முடிந்தது என்று அர்த்தம்."

"அப்படி ஒருவர் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டீர்களா?"

"கேட்பதா? அது அழைப்பதைவிட மோசம்."

"உங்கள் வழக்கம் தெரியாத வெளியாள் என்றால்?"

அவள் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். "அதற்கு மனைவிமார் இருக்கிறோம். முதல்நாள் பின்கதவால் போய் மெதுவாகச் சொல்லிவிட்டு வருவோம். ஆண்களுக்குத் தெரியாது. எல்லாரும் தாங்களாகவே வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பெருமையாக நிற்பார்கள்."

பஸ் அசையவில்லை. கடைசியில் கதவைத் திறந்துவிட்டார்கள். அவள் பெட்டியை மேலங்கிக்குள் செருகிக்கொண்டு, கர்ப்பிணிபோலப் பனிக்குள் இறங்கிப் போனாள். சில அடிகளில் அவள் உருவம் கரைந்துவிட்டது. நான் வேறு திசையில் நடந்தேன். பனி பெய்யும்போது ஊரில் ஒரு சத்தமும் இருப்பதில்லை. சொந்தக் காலடிகூடத் தூரத்தில் யாரோ நடப்பதுபோலக் கேட்கும்.

வீட்டுக்கு வந்து, கை சூடேற முன்னரே அண்ணையிடம் சொன்னேன்.

"அவை சொல்லுறேல்லையாம், அண்ணை. ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. வாற ஆக்கள் தாங்களா வாறதுதான் வழக்கமாம்."

"மிலேனா சொல்லுறவ."

"பின்கதவாலதானே வந்தவ?"

அவர் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அது உங்களுக்காக, அண்ணை. எங்கட ஆக்கள் சொல்லாமல் வரமாட்டினம் எண்டு அவவுக்கு விளங்கியிருக்கு. அவருக்குத் தெரியாமல் வந்து சொல்லிப்போட்டுப் போயிருக்கிறா."

அண்ணை வோக்கரின் கைப்பிடியைப் பிடித்தார், விட்டார். பலகையைப் பார்த்தார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. இங்கே ஜனவரியில் பின்னேரம் என்று ஒன்று இல்லை, பகல் அப்படியே நீலமாகி அணைந்துவிடும்.

"அப்ப அவன் என்ன நினைச்சிருப்பான்," என்றார் மெதுவாக. "மனுசி செத்த வருஷம். வீடு நிறையச் சனம். நான் இல்லை."

"ஓம்."

"பக்கத்து வீட்டுக்காரன் நான்."

கொஞ்ச நேரம் இருவரும் தொலைக்காட்சியைப் பார்த்தோம். அதில் யாரோ கேக் செய்துகொண்டிருந்தார்கள்.

"நாளைக்குப் போவம், அண்ணை."

"விடு பிள்ளை. மூண்டு வருஷம் போகாதவன் இப்ப என்ன முகத்தோட போறது? வீடு விக்கிற நேரம் தின்ன வந்திட்டான் எண்டு அவன்ர சனம் சிரிக்கும். அவன் இனி என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறானெண்டு என்ன நிச்சயம்? அவன் எப்பவோ முடிச்சிருப்பான்."

அந்த நிச்சயம் எனக்கும் இல்லை.

இருபதாம் திகதி காலை அதே இழுப்புச் சத்தம் கேட்டு எழுந்தேன். கீழே வந்தபோது அண்ணை எனக்கு முந்தியே யன்னலடியில் இருந்தார். யோவன் படியை முடித்து, காரின் பாதையை முடித்து, புல்வெளிக்கு வந்திருந்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. ஒருமுறை போய் வந்த வழியாலேயே மறுபடி போனார். பிறகு இன்னொருமுறை. வாளியிலிருந்து உப்பை அள்ளி, கோழிக்குத் தீன் போடுவதுபோல வழிநெடுகத் தூவினார். எங்கள் யன்னலை அவர் ஒருதரமும் பார்க்கவில்லை. ஷவலைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அண்ணை கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இண்டைக்கு அகலமா வெட்டியிருக்கிறான்," என்றார்.

நானும் பார்த்தேன். ஓர் ஆள் போகும் வழியாக இருந்தது இன்று ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது.

"எதுக்கு இவ்வளவு அகலம்?" என்றார் அண்ணை. கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற வோக்கரைப் பார்த்தார். அதன் நான்கு கால்களையும் பார்த்தார். பிறகு வெளியே பார்த்தார்.

மத்தியானம்வரை அவர் யன்னலை விட்டு எழும்பவில்லை. சாப்பிட்டதும் கார்கள் வரத் தொடங்கின. கம்பளி மேலங்கியணிந்த முதியவர்கள், போத்தலைக் கையிடுக்கில் வைத்திருந்த ஆண்கள், பூவோடு பெண்கள். யாரும் மணியடிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். திறக்கும்போதெல்லாம் ஒரு துண்டு மஞ்சள் வெளிச்சம் பனியில் விழுந்து மறைந்தது. மெலனி வேலையால் வந்து பார்த்தபோது அண்ணை கதிரையில் இல்லை. உள்அறையில் நின்று அலுமாரியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்ர அந்த நீல ஷேர்ட் எங்க?"

"வை, டாட்?"

"அயன் பண்ணித் தா. முழங்காலுக்கு நடக்கச் சொல்லியெல்லோ டொக்டர் சொன்னவர்."

மெலனி என்னைப் பார்த்தாள். நான் இஸ்திரிப்பெட்டியின் வயரைச் செருகினேன்.

வெளியே வந்தபோது ஒளி நீலமாகிக்கொண்டிருந்தது. அண்ணை படியில் நின்று மூச்சு வாங்கினார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் வெளியில் கால்வைத்தது அன்றுதான். வோக்கரை முன்னால் வைத்தார். நான்கு கால்களும் வழிக்குள் சரியாக இறங்கின. இரண்டு பக்கமும் ஒரு கை அளவு மிச்சமிருந்தது. உப்பு காலடியில் நறநறத்தது. மெலனி ஒரு பக்கம் பிடிக்கப் போனாள், வேண்டாம் என்றார். அந்த இரண்டு வீடுகளுக்கும் இடையிலுள்ள தூரம் ஊரில் எங்கள் வீட்டு விறாந்தையைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆனாலும் அந்தச் சத்தமில்லாத வெள்ளைக்குள் நாங்கள் வெகுநேரம் நடந்ததாகவே எனக்கு ஞாபகம்.

கதவைத் தள்ளினோம். சூடும் முட்டைக்கோவா அவிந்த மணமும் முகத்திலடித்தன. அறை நிறையக் கதிரைகள், கதிரை நிறைய மனிதர்கள். மேசை நடுவில் உயரமான மெழுகுதிரி எரிந்தது. சுவரில் செட்டைகளோடு அருளப்பர். யோவன் கையில் கண்ணாடிக் குவளைகள் அடுக்கிய தட்டோடு அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கிட்டப் பார்த்தபோது நான் நினைத்ததைவிட வயதானவர். நின்று நின்று முகம் வெளுத்திருந்தது.

பேச்சு குறைந்தது.

அண்ணை வாசலிலேயே நின்றார். எங்கள் முதுகுக்குப் பின்னால் கதவு அகலத் திறந்து கிடந்தது.

"இமென்யாச்சே," என்றார்.

யோவன் அவரைப் பார்த்தார். வோக்கரைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார்.

"கதவைச் சாத்து," என்றார் பக்டரியில் பழகிய ஆங்கிலத்தில். "சூடெல்லாம் போகிறது."

மெலனி சாத்தினாள். யாரோ சிரித்தார்கள். யாரோ கதிரையிலிருந்து எழுந்து இடம்விட்டார்கள். பேச்சு மறுபடி பழைய உயரத்துக்கு வந்தது.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேசை. அதில் ஒரு பாத்திரம் நிறைய, சீனியும் வால்நட்டும் சேர்த்து அரைத்த அவித்த கோதுமை. அருகே கரண்டிகள். வருகிறவர் முதலில் அதில் ஒரு வாய் எடுக்கவேண்டும் போலிருக்கிறது. அண்ணைக்கு அது பழக்கமாக இருந்தது. எங்கள் முறையில் இடமிருந்து வலமாகச் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்தார். நானும் எடுத்தேன். பொங்கலுக்குப் பொங்கும் சர்க்கரைப் புக்கையில் தேங்காய்ப்பூப் போட மறந்ததுபோல இருந்தது. அந்தச் சுவை வாயில் அதிகநேரம் தங்கியது.

அதன்பின் சாப்பாடு. புளித்த கோவா இலையில் பொதிந்த இறைச்சி, பன்றிப் பொரியல், தண்ணீர்போலத் தெரிந்த ஒரு சாராயம். அந்தச் சாராயத்தை ஒரு மிடறு குடித்து, கண்ணில் வந்த தண்ணீரை யாரும் பார்க்காமல் துடைத்தேன். இரண்டு யோவான்களும் நான் எதிர்பார்த்த எதையும் கதைக்கவில்லை. மிலேனாவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. போர்மன் செத்துவிட்டானா என்று அண்ணை கேட்டார். இல்லை, புளோரிடாவில் இருக்கிறான் என்றார் யோவன். முழங்காலில் என்ன வைத்தார்கள் என்று யோவன் கேட்டார். உலோகம் என்றார் அண்ணை. நல்லது, அது துருப்பிடிக்காது என்றார் யோவன். கதைக்கும்போதும் யோவன் நின்றுகொண்டே இருந்தார்.

"கல்கரியில் இதைவிடக் குளிர்," என்றார் சிறிது நேரம் கழித்து, யாருக்கோ சொல்வதுபோல. "மகனுடைய வீட்டு வாசலில் நிறையப் பனி விழும்." தட்டிலிருந்த குவளைகளை ஒழுங்குபடுத்தினார். "ஜனவரி இருபது அங்கேயும் வரும்."

அறையில் இருந்தவர்களுக்கு அது காலநிலைச் செய்தி. அண்ணை கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"பிளேன் எவ்வளவு நேரம், மெலனி?" என்று தமிழில் கேட்டார்.

"அபௌட் ஃபோர் அவர்ஸ், டாட்."

"அவ்வளவுதானே," என்றார் அண்ணை. யோவனைப் பார்த்து, "எனக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

யோவன் தலையசைத்தார். கதவைப் பார்த்தார். வெளியே முற்றாக இருட்டிவிட்டது. அதற்குமேல் யாரும் வருவதாகத் தெரியவில்லை. தட்டை மேசையில் வைத்தார். சுவரோரம் கிடந்த ஒரு கதிரையை அண்ணையின் கதிரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, மெல்ல இருந்தார்.